கோமாளிகள்: ஈழத்துத் தமிழ்த் திரையின் நகையும் மட்டக்களப்பின் மொழியும்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. இவற்றுள் எள்ளல் முதலில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என அது இருவகைப்படும் என்பர் உரைகாரர். ஒரு சமூகம் தன்னையே மேடையேற்றிச் சிரிக்கும்போது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை மிக மெல்லியதாகிவிடுகின்றது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற வினா அப்போது சுவை பற்றியதாக மட்டும் நில்லாது, சமூக வரலாறு பற்றியதாகவும் ஆகிவிடுகின்றது. 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'கோமாளிகள்' என்ற ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். அப்படத்தை மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து நோக்கும்பொழுது, தலைநகரிலிருந்து நோக்குவோர் கண்ணிற் படாத சில உண்மைகள் புலப்படுகின்றன.

இரவல் மொழியும் சொந்த மொழியும்

இலங்கையில் தமிழர் பெருந்தொகையாகப் பார்த்த படங்கள் தென்னிந்தியாவில் ஆக்கப்பட்டவை. இங்கு உருவான முதலாவது தமிழ்ப் படமாகிய 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் ஆக்கப்பட்டது. அதனை நெறிப்படுத்திய ஹென்றி சந்திரவன்ச ஒரு சிங்களக் கலைஞர். அடுத்த ஆண்டு பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றரில் வெளிவந்தது. இவ்விரண்டையும் தொடர்ந்து 1980களின் தொடக்கம் வரையில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ்ப் படங்கள் இங்கு ஆக்கப்பட்டன. எனினும், அவற்றுள் முற்பட்டவற்றின் மாந்தர் பேசிய தமிழ் பெரும்பாலும் சென்னைப் படங்களிலிருந்து பெற்ற இரவல் தமிழே. ஈழத்தவன் ஒருவன் தன் வீட்டிற் பேசும் மொழி திரைக்கு ஏற்றதன்று என்ற எண்ணம், அவ்வாறு சொல்லப்படாமலே, ஒரு விதியாக நிலவியது.

அவ்விதியை மீற முயன்றவை இல்லாமற் போகவில்லை. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல் யாழ்ப்பாணத்து வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. தர்மசேன பத்திராஜா 1977இல் 'பொன்மணி'யை நெறிப்படுத்தினார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. திறனாய்வாளர் பாராட்டைப் பெற்ற இம்முயற்சிகளுள் சில பெருந்திரளான மக்களைச் சென்றடையவில்லை. மக்கள் திரண்டுசென்று பார்த்தது, ஒரு நகைச்சுவைப் படத்தையே. வசூலில் வெற்றி கண்ட மிகச்சில ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் 'கோமாளிகள்' ஒன்றாகும். ஈழத்துப் பேச்சுத் தமிழ் துயரத்தின் மொழியாக வந்தபோது தயங்கிய பார்வையாளர், சிரிப்பின் மொழியாக வந்தபோது அதனை உடனே ஏற்றுக்கொண்டமை தற்செயல் நிகழ்ச்சி என்று தள்ளிவிடத்தக்கதன்று.

வானொலியிலிருந்து திரைக்கு

இவ்வரவேற்பிற்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது வானொலியாகும். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானா எனப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' முதலிய வானொலி நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை நாடறியச் செய்தன. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அதற்கு முன்னரே அவ்வழக்கை நாடகத்தில் எழுத்துருப்பெறச் செய்திருந்தார். இந்த மரபின் தொடர்ச்சியாக, எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் தொடர்நாடகமாக ஒலித்தது. அதன் செல்வாக்கே அதனைத் திரைக்கு இட்டுச் சென்றது. எம். முகம்மது தயாரிக்க, எஸ். இராமநாதன் நெறிப்படுத்தினார். வானொலியில் நடித்த ராம்தாஸ், ரி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரே திரையிலும் தோன்றினர். சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் உடன் நடித்தனர். காலமும் இதற்குத் துணைநின்றது. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்ததன் பின்னர், உள்நாட்டுத் தமிழ்ப் படத்திற்குச் சிறிது மூச்சுவிட இடம் கிடைத்தது.

வானொலி குரலை மட்டுமே தரும் சாதனம். ஆகவே ஒரு பாத்திரத்தை வேறுபடுத்திக் காட்ட அதற்கு உள்ள சிறந்த கருவி பேச்சு வழக்கேயாகும். ராம்தாஸின் மரிக்கார் முஸ்லிம் தமிழிலும், ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், செல்வசேகரனின் உபாலி சிங்களவர் பேசும் தமிழிலும், அப்துல் ஹமீதின் ஐயர் பிராமணத் தமிழிலும் உரையாடினர். நால்வரும் தமிழே பேசினர்; ஆயினும் ஒருவர் தமிழைப்போல மற்றவர் தமிழ் இருக்கவில்லை. இந்நாடகத்தின் உயிர்நிலை இதுவேயாகும்.

இவ்வேறுபாடுகள் வெறும் உச்சரிப்பு விளையாட்டுகள் அல்ல. மொழியியல் அடிப்படை உடையவை. யாழ்ப்பாணத் தமிழ் அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்ட 'உ' என்னும் சுட்டை இன்றும் பேணுகின்றது. 'உவன்', 'உது' என அது சுட்டும்போது பிறபகுதித் தமிழர் ஒரு கணம் திகைப்பர். பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப விகுதி பெறுவதில்லை. ஆகையால் சிங்களவர் தமிழ் பேசுங்கால் நான், நீ, அவர்கள் என்ற அனைத்துக்கும் ஒரே வினைமுற்று வந்துவிடுதல் இயல்பு. முஸ்லிம் தமிழின் வாப்பா, உம்மா, நானா என்ற உறவுப்பெயர்களும், பிராமணத் தமிழின் 'அவா', 'இவா' என்பனவும் அவ்வச் சமூக வரலாற்றின் அடையாளங்கள். நகைச்சுவை இவற்றைப் பெரிதாக்கிக் காட்டியது. ஆயின் இல்லாத ஒன்றைப் படைத்துக்கொள்ளவில்லை.

நால்வருள் மரிக்காரும் அப்புக்குட்டியும் இணைந்து வரும்போதே இந்நகையின் முழு இயல்பும் வெளிப்படுகின்றது. உபாலிக்குத் தமிழ் பிறமொழி. ஐயரின் தமிழ் சாதிவழக்கு. மரிக்கார், அப்புக்குட்டி ஆகிய இருவருக்குமோ தமிழ் தாய்மொழி. தத்தம் சமூகத்தின் பொதுவழக்கு. இருவருள் எவரும் மற்றவரிலும் பிழையான தமிழ் பேசுபவர் அல்லர். ஒரே மொழியின் இரு உரிமையாளர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் வியந்து நோக்கும் காட்சி அது.

வேற்றுச் சமூகத்தின் நாவை அணிதல்

இங்கு மற்றொரு செய்தி கவனத்துக்குரியது. மரிக்காராக நடித்த ராம்தாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராக நடித்த அப்துல் ஹமீது முஸ்லிம். உபாலியாகச் சிங்களத் தமிழ் பேசிய செல்வசேகரன் தமிழர். ஒருவர் மற்றவர் நாவை அணிந்துகொண்டனர். அணிந்த நா நடிகரின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. 'மரிக்கார்' ராம்தாஸ், 'அப்புக்குட்டி' ராஜகோபால், 'உபாலி' செல்வசேகரன் என்றே அவர்கள் பின்னர் அறியப்பட்டனர். 2016இல் ராம்தாஸ் மறைந்தபோதும் அவர் மரிக்கார் என்னும் பெயராலேயே நினைவுகூரப்பட்டார்.

பிறர் வேடம் அணிந்து சிரிக்கவைத்தல் எப்போதும் தீங்கற்றதன்று. சிறுபான்மைச் சமூகமொன்று திரையில் முதன்முதல் இடம்பெறச் சிரிப்பையே வாயிலாகக் கொள்ள நேர்ந்தமை ஈழத்துக்கு மட்டும் உரிய அனுபவமுமன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் திரை வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டும். பேர்ட் வில்லியம்ஸ், ஜோர்ஜ் வோக்கர் என்ற கறுப்பின நகைச்சுவை இணையர், 'இன் டஹோமி' என்ற இசைநாடகத்தை 1903இல் நியூயோர்க்கின் பிராட்வே அரங்கில் ஏற்றிப் பெரும்புகழ் பெற்றனர். வெள்ளையர் முகத்திற் கரி பூசிக் கறுப்பினத்தவரைப் போலி செய்து சிரிக்கும் வழக்கம் ஓங்கியிருந்த காலம் அது. அவ்வழக்கத்தின் அழுத்தத்தால், இயல்பாகவே கறுப்பினத்தவராகிய வில்லியம்ஸும் எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டே மேடையேற வேண்டியிருந்தது. தன் உருவையே தனக்கு வேடமாக அணிய நேர்தலினும் கொடிய எள்ளல் வேறில்லை.

வோக்கர் 1911இல் மறைந்தார். 1913இல் வில்லியம்ஸ், முற்றிலும் கறுப்பின நடிகர் குழுவொன்றோடு நகைச்சுவைப் படமொன்றில் நடித்தார். பயோகிராப் நிறுவனத்தார் படமெடுத்தபோதிலும் அது வெளியிடப்படவில்லை. நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிற் பேணப்பட்ட அதன் படச்சுருள்கள் தொகுக்கப்பட்டு, நூறாண்டு கழித்து 2014இல் மக்களுக்குக் காட்டப்பட்டன. அப்படத்தில் வில்லியம்ஸ் மட்டுமே கரி பூசியிருந்தார். உடன் நடித்த ஏனையோர் தம் இயல்பான முகத்தோடு ஆடினர், பாடினர், காதலித்தனர். ஒருவர் அணிந்த கரியின் மறைவில் ஏனையோர் மனிதராகத் தோன்ற முடிந்தது என்று கூறுவது மிகையாகாது. வெள்ளையர் தம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும், கறுப்பினத்தவர் தமக்குள் சிரித்த சிரிப்பும் அப்படத்தில் அருகருகே நிற்கின்றன.

'கோமாளிக'ளின் நிலை இதனின்றும் வேறுபடும். அங்கு ஆதிக்கமுடைய இனம் அடங்கிய இனத்தைப் போலி செய்தது. இங்கு தமிழ் பேசும் கலைஞர் தமக்குள்ளே நாவை மாற்றிக்கொண்டனர். அதிகாரமுடைய பெரும்பான்மையின் மொழியினரும் நகைப்பொருளாயினர். எவரும் நகைக்கு விலக்கானவர் அல்லர் என்பது இதன் அறம். எனினும் அங்கும் இங்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. நகைச்சுவை ஒரு சமூகத்தை ஓர் அடையாளத்துள் அடைத்துவிடுகின்றது. முஸ்லிம் என்றால் மரிக்கார். யாழ்ப்பாணத்தான் என்றால் அப்புக்குட்டி. ஒரு சமூகத்துக்கு ஒரு பேச்சு என்ற சூத்திரம் சிரிப்புக்கு வசதியானது, உண்மைக்கு வசதியானதன்று. இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுவது மட்டக்களப்பிலேயாகும்.

வாவிக் கரையின் தமிழ்

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, மட்டக்களப்பு நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுக்கின்றது. எழுவான்கரையிலே தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. ஆரையம்பதியை அடுத்துக் காத்தான்குடி. செங்கலடியை அடுத்து ஏறாவூர். தெற்கே காரைதீவை அடுத்துச் சாய்ந்தமருது. இரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகளுக்கு வீடு கொடுத்தல் இரு சாராருக்கும் வழக்கம். பேச்சும் பெரிதும் பொதுவானது. 'பிறகு' என்பதற்கு 'மறுகா', 'சிறிதளவு' என்பதற்கு 'ஒள்ளுப்பம்', குழம்புக்கு 'ஆணம்' ஆகிய சொற்கள் மதஎல்லை பார்த்து நிற்பவை அல்ல. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்நாட்டின் சொல்வளத்தையும் வழக்காறுகளையும் ஒருங்கு தொகுத்துத் தந்தது. ஈழத்துப் பேச்சுவழக்குகளை ஆராய்ந்த செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில், இலக்கியத் தமிழுக்கு மிக அண்மித்து நிற்பது மட்டக்களப்புப் பேச்சே என 1960களில் எழுதினார்.

இத்தகைய பேச்சு 'கோமாளிக'ளின் நான்கு தமிழுள் ஒன்றாக அமையவில்லை. அப்புக்குட்டியின் நா வடக்கினது. மரிக்காரின் நாவோ கொழும்பையும் மேற்குக் கரையையும் சார்ந்தது. காத்தான்குடி நெசவாளியினதோ அக்கரைப்பற்று உழவனினதோ அன்று. ஆகவே கிழக்கின் முஸ்லிம் ஒருவர் மரிக்காரின் பேச்சைக் கேட்டபோது அவருக்கும் அது அயல்வழக்காகவே இருந்திருக்கும். அயலூர்த் தமிழரின் பேச்சு அதைவிட அவருக்கு நெருங்கியது. சமயத்தாற் பேச்சு வேறுபடும் என்பது நாடகத்தின் அடிப்படை; இடத்தாற் பேச்சு ஒன்றுபடும் என்பது வாவிக் கரையின் அனுபவம். மட்டக்களப்புத் தமிழை அந்நால்வருள் ஒருவராக்கியிருந்தால், அவர் தமிழரா முஸ்லிமா எனப் பேச்சைக்கொண்டு துணிதல் அரிதாகியிருக்கும். நாடகத்தின் சூத்திரமும் நெகிழ்ந்திருக்கும்.

இதனைப் புறக்கணிப்பு என்று மட்டும் முடித்துவிடுதல் பொருந்தாது. கொழும்பில் அமைந்த ஊடகம் கொழும்பிற் கேட்ட குரல்களையே எடுத்துக்கொண்டது. தலைநகரின் அலுவலகத்திலும் கடைவீதியிலும் கூடிய தமிழ்களே அதற்கு எளிதிற் கிடைத்தன. எனினும் நகையின் பொருளாதலும் ஒருவகை அங்கீகாரமே. எள்ளப்படுபவன் அவையில் இருக்கிறான். பேசப்படாதவன் அவைக்கு வெளியே நிற்கிறான். திரையரங்கே தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கமர்ந்த முதற் கலைக்கூடம் எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். அக்கூரையின்கீழ் அமர்ந்திருந்த மட்டக்களப்பாருக்கு இருக்கை கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

கூத்துக் களரியின் சிரிப்பு

அக்குரல் வேறிடத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலே அரசரும் அரசியரும் செய்யுளிற் பாடி ஆடுவர். அவர்களுக்கிடையே வரும் நகைமாந்தர் ஊர்ப்பேச்சிற் பேசி, அந்த உயர்ந்த உலகை நிலத்துக்கு இறக்குவர். மகிடிக் கூத்திலே வெளியிலிருந்து வரும் மந்திரவாதிகளுக்கும் உள்ளூராருக்கும் போட்டி நிகழும். அயலாரின் பேச்சும் நடையும் அங்கே நகைப்பொருளாகும். வேற்றுச் சமூகத்தின் நாவை அணிந்து சிரிக்கவைத்தல் ஆகிய கலை வானொலியோடு பிறந்ததன்று. வட்டக்களரியிலே விடியும்வரை பழகிய பழங்கலை. வேறுபாடு ஒன்றே. களரியிற் பார்வையாளர் நடிகரை அறிவர். குறவன் வேடமிட்டவன் நாளை வயலில் தம்முடன் நிற்பவன் என்பதை மறவார். அவ்வறிமுகமே எள்ளலைப் பகையாகாமற் காத்தது.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது மட்டக்களப்புக் கூத்து கற்றோர் அவையிற் புதுமதிப்புப் பெற்றது. சி. மௌனகுரு முதலிய மட்டக்களப்பு மாணவர் அம்முயற்சியின் உயிர்நாடியாயினர். அங்கு ஏற்றம்பெற்றது கூத்தின் வீரமும் அவலமும் ஆகும். கூத்தின் சிரிப்பு அதேயளவு ஆராயப்படவில்லை. கற்றோர் அவலத்தைக் கலையென்றும் நகையைக் கேளிக்கையென்றும் பகுத்துக்கொண்டனர். 'கோமாளிகள்' திறனாய்வாளரின் கவனத்தை அதிகம் பெறாமைக்கும் இப்பகுப்பே காரணமாகும்.

அவிந்த சுருளும் இறுகிய நாவும்

ராம்தாஸ் குழுவினரின் 'ஏமாளிகள்' 1978இல் வந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுள் ஈழத்துத் தமிழ்த் திரையின் இயக்கமே தடைப்பட்டது. 1983 யூலைக் கலவரத்திலே கொழும்பை அடுத்த ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் சுருள்கள் இக்காலத்தை அடுத்துக் காணக்கிடையாதன ஆயின. அப்துல் ஹமீது, ராம்தாஸ் ஆகியோரின் புகழ் நிலைத்தபோதிலும், நால்வரும் நின்று சிரித்த மேடை மீளவில்லை.

வாவிக் கரையில் நேர்ந்த இழப்பு இதனினும் கொடியது. 1985இல் தமிழர் முஸ்லிம்களுக்கிடையே மோதல்கள் மூண்டன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும் ஏறாவூர் மக்களும் படுகொலை செய்யப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வந்தாறுமூலையிற் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தோர் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. ஒரே பேச்சை உடைய அயலவர் ஒருவரையொருவர் பேச்சாலன்றிப் பெயராலும் ஊராலும் பிரித்தறிந்த காலம் அது. நாடகம் சிரிப்பிற்காக வகுத்த சூத்திரத்தை வரலாறு வன்முறைக்காக எடுத்துக்கொண்டது. இதற்கு நாடகம் பொறுப்பன்று. ஆயின் ஒருவர் நாவை மற்றவர் அச்சமின்றி அணியக்கூடியதாக இருந்த ஒரு காலத்தின் சான்று அந்நாடகம் என்பது இப்போதுதான் முழுமையாக விளங்குகின்றது. தமிழர் ஒருவர் மரிக்காராகவும் முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் பேசி, இரு சாராரும் கேட்டுச் சிரிப்பதற்கு வேண்டியது நடிப்புத்திறன் மட்டுமன்று; கேட்போரிடையே நிலவும் நம்பிக்கையும் ஆகும்.

மேற்கூறியவற்றால் இரு கடமைகள் பெறப்படுகின்றன. 'கோமாளிகள்' போன்ற ஆக்கங்களைத் தரங்குறைந்த கேளிக்கை எனத் தள்ளாது, ஈழத்துத் தமிழின் வழக்குகளும் அவற்றைப் பேசியோரின் உறவும் பதிவான ஆவணங்களாகக் கொள்ளல் வேண்டும். எஞ்சிய சுருள்களையும் ஒலிநாடாக்களையும் தேடிப் பேணுதல் அதன் முதற்படியாகும். நியூயோர்க்கில் நூறாண்டு கிடந்த சுருள் மீண்டும் ஒளிபெற்றமைக்குக் காரணம், எவரோ அதனை எறியாது வைத்திருந்தமையே. மற்றது, அப்படத்தில் இடம்பெறாத ஐந்தாவது தமிழை, இரு சமயத்தாரும் பேசும் வாவிக் கரைத் தமிழை, அதன் சிரிப்போடு சேர்த்துப் பதிவுசெய்தல். காத்தான்குடிக் கடையிலும் ஆரையம்பதிக் களரியிலும் ஒருங்கே கேட்கத்தக்க அந்நகையைச் சேகரிக்கும் பணி, கிழக்கின் தமிழ் மாணவர் வேறெவருக்கும் விட்டுவிடத்தக்கதன்று.